என் போனில் முதலிடம், மகள் போனில் காணவே காணோம்

கேள்வி: தம்பி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் என் வீட்டுக்காரரும் முந்திரிக் கடை வைத்திருக்கிறோம். பண்ருட்டிப் பக்கத்துப் பருப்புதான். அண்ணன் மகன் ஒரு இணையதளம் போட்டுக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கூகுளில் மேலே கொண்டுவருகிறோம் என்ற ஒரு கம்பெனிக்கு 2025 ஆகஸ்ட் முதல் மாதம் 12,000 ரூபாய் கொடுத்து வருகிறேன். '30 நாளில் முதல் பக்கம், கேரண்டி' என்றார்கள். மாதா மாதம் பச்சை அம்புக்குறி போட்ட ரிப்போர்ட் வருகிறது. என் போனில் 'பண்ருட்டி முந்திரி' என்று தேடினால் எங்கள் கடைதான் முதலில் நிற்கிறது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் தேடினால் காணவே காணோம். ஆர்டரும் கூடவில்லை. யார் சொல்வது உண்மை? எங்கள் இடம் எது என்று நானே பார்த்துக்கொள்ள முடியுமா? மேலே வர என்ன செய்ய வேண்டும்? மகளும் அவள் தோழிகளும் தினமும் தேடிப்பிடித்துத் தட்டினால் உதவுமா? ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, கடலூர்

பதில்:

அக்கா, உங்கள் போனும் பொய் சொல்லவில்லை, மகள் போனும் பொய் சொல்லவில்லை. கூகுள் எல்லாருக்கும் ஒரே பட்டியலைக் காட்டுவதில்லை. யார் தேடுகிறார், எந்த ஊரில் நின்று தேடுகிறார், போனில் என்ன மொழி வைத்திருக்கிறார் என்றெல்லாம் பார்த்துத்தான் பட்டியல் போடுகிறது. மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து முந்திரி என்று தேடினால் பக்கத்துக் கடையாக உங்கள் கடை முன்னால் வருவது இயல்பு. கோயம்புத்தூரில் தேடினால் அந்த ஊர்க் கடைகளும், நாடு முழுக்க அனுப்புகிற பெரிய தளங்களும் முன்னால் வந்துவிடும். இது போக, ஒன்றரை வருஷமாக நீங்கள் தினமும் தேடி, தினமும் உங்கள் தளத்தையே தட்டுகிறீர்கள். அந்தப் பழக்கத்தையும் உங்கள் போன் கவனித்து வைத்திருக்கும். இன்காக்னிட்டோவில், அதாவது பழைய தேடல்களைக் கணக்கில் எடுக்காத தனி ஜன்னலில், திறந்தால் சரியான இடம் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய பழக்கம்தான் அதில் மறையும். நீங்கள் கடலூரில் இருக்கிறீர்கள் என்பது மறையாது.

ஆகவே 'எங்கள் இடம் எது' என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. எந்த வார்த்தைக்கு, எந்த ஊரில், யாருக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அதில் 12 தேடல் சொற்றொடர்கள் இருக்கின்றன, ஒன்பதில் நீங்கள் முதல் பக்கம். அந்த ஒன்பதையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'மஞ்சக்குப்பம் ஏற்றுமதித் தர முந்திரி மொத்த வியாபார நிறுவனம்' என்பது ஒன்று. முந்திரி வாங்க நினைக்கிற எந்த மனுஷனாவது இப்படித் தட்டச்சு செய்வானா? ஆளே நடக்காத சந்தில் கடை போட்டால் அந்தச் சந்தில் முதல் கடை நம்முடையதுதான். 'பண்ருட்டி முந்திரி விலை', 'முந்திரி 1 கிலோ' போன்ற, ஆட்கள் நிஜமாகவே தேடுகிற மூன்றும் பட்டியலின் அடியில் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே அம்பும் இல்லை, எண்ணும் இல்லை, ஒரு கோடு மட்டும்.

2025 செப்டம்பர் ரிப்போர்ட்டில் ஒரு பெரிய பச்சை அம்பு இருக்கிறது. சராசரி இடம் ஒரே மாதத்தில் ஏகத்துக்கு முன்னேறியதாகக் காட்டி, 'எங்கள் உழைப்பின் பலன்' என்று எழுதியிருக்கிறார்கள். அதன் பின்கதையைச் சொல்லியாக வேண்டும். இடம் பார்க்கிற மென்பொருள்கள் அதுவரை கூகுளில் ஒரே தடவையில் 100 முடிவுகளை வரவழைத்து எண்ணிக்கொண்டிருந்தன. மனிதர் யாரும் 80ஆவது முடிவு வரை போவதில்லை. இந்த இயந்திரங்கள் போயின. அவை போனபோதெல்லாம், 80ஆவது இடத்தில் கிடந்த தளமும் ஒரு தடவை 'பார்க்கப்பட்டதாக'க் கணக்கில் ஏறியது. 2025 செப்டம்பரில் கூகுள் அந்த 100 முடிவு வசதியை நிறுத்தியது. பல தளங்களுக்குச் சில நாட்களில் பார்வைக் கணக்கு சரிந்தது. பின்வரிசைப் பார்வைகள் கணக்கிலிருந்து போனதால் சராசரி இடம் மட்டும் அழகாக ஏறியது. உங்கள் ரிப்போர்ட்டிலும் அதே பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், பார்வை எண்ணிக்கை பாதியாகியிருக்கிறது. அதற்கு மட்டும் அம்பு போட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

செய்த வேலைகளில் 'மெட்டா கீவேர்ட்ஸ் சேர்ப்பு' என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்தின் உள்ளே, பார்ப்பவர் கண்ணில் படாமல், சொற்களை அடுக்கி வைக்கும் பழைய வேலை அது. இடத்தைத் தீர்மானிக்க அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. கேரண்டி பற்றியும் கூகுள் தன் வழிகாட்டியில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒழுங்காக வேலை செய்தால் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகலாம் என்பது கூகுள் தரப்பில் சொன்ன கணக்கு. என் அனுபவமும் கிட்டத்தட்ட அதுதான்.

சரி, நீங்களே பார்ப்பது எப்படி? கூகுள் சர்ச் கன்சோல் என்று ஒன்று இருக்கிறது. இலவசம். தேடலில் உங்கள் தளம் எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை தடவை தட்டப்பட்டது, என்ன வார்த்தைக்குக் காட்டப்பட்டது, சராசரியாக எந்த இடம் என்று கூகுளே தன் கணக்கிலிருந்து சொல்லும். மற்ற மென்பொருள்கள் வெளியில் நின்று எட்டிப்பார்த்துச் சொல்பவை. தெரிந்துகொள்ள உதவும், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதற்கும் முன்னால் ஒன்று கேட்டுவிடுங்கள்: இந்தக் கணக்கு யார் ஈமெயிலில் இருக்கிறது? உங்கள் தளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? கூகுள் மேப்பில் உள்ள கடைப் பக்கத்துக்கு உரிமையாளர் யார்? மூன்றும் உங்கள் ஈமெயிலில் இருக்க வேண்டும். கம்பெனிக்கு வேலை செய்யும் அளவுக்கு அனுமதி கொடுத்தால் போதும். கடைச் சாவியைக் கூட்ட வருகிறவரிடம் கொடுத்துவிட்டு, நாம் வெளியே நின்று கதவைத் தட்டுகிற கதையைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் நிறையப் பார்த்துவிட்டேன்.

சர்ச் கன்சோலைத் திறந்தால் நான்கு எண்கள் தெரியும். க்ளிக் என்பது தட்டிய தடவைகள். இம்ப்ரெஷன் என்பது கண்ணெதிரே வந்த தடவைகள். அப்புறம் இரண்டுக்கும் உள்ள விகிதம். கடைசியாகச் சராசரி இடம். எல்லாரும் ஓடிப்போய்ப் பார்ப்பது கடைசி எண்ணைத்தான், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். ஒரு கணக்கு போடுவோம். இப்போது உங்கள் தளம் கடைப் பெயரைச் சொல்லித் தேடுகிறவர்களுக்கு மட்டும் வருகிறது. 100 தடவை, எல்லாம் முதலிடம். சராசரி 1. அடுத்த மாதம் 'முந்திரி வகைகள்' என்று ஒரு நல்ல பக்கம் எழுதுகிறீர்கள். முன்பின் தெரியாத ஆட்களுக்கும் அது 100 தடவை, 41ஆவது இடத்தில் தெரிகிறது. சராசரி 21 ஆகிவிடும். அம்பு சிவப்பாக மாறும். ஆனால் அந்த மாதம்தான் உங்கள் தளம் முதன்முதலாகத் தெருவுக்கு வந்திருக்கிறது. ஆகவே மொத்தச் சராசரியை விட்டுவிட்டு, வார்த்தை வார்த்தையாகப் பாருங்கள். கடைப் பெயர் உள்ள தேடல்களை வடிகட்டி ஒதுக்குங்கள். உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள் அவர்கள். மிச்சம் இருக்கும் பட்டியல்தான் உங்கள் உண்மை நிலவரம். அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

வார்த்தை என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம், அதில் நானே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். சில வருஷங்களுக்கு முன் இங்கே புதுச்சேரியில் ஒரு விருந்தினர் இல்லத்தின் தளத்தைப் புதுப்பித்துக் கொடுத்தேன். 2006 அக்டோபரில் அரசு முறைப்படி பெயரைப் புதுச்சேரி என்று மாற்றிவிட்டதே, நாம் இன்னும் பாண்டிச்சேரி என்று எழுதலாமா என்று ஒரு உள்ளூர்ப் பெருமை. தளம் முழுக்க, தலைப்பு முதல் படத்தின் பெயர் வரை, ஆங்கிலத்திலும் தமிழிலும் பாண்டிச்சேரி என்ற சொல்லைத் தேடித் தேடி எடுத்துவிட்டுப் புதுச்சேரி என்று போட்டேன். மிகச் சுத்தமான வேலை. இரண்டு மாதத்தில் முன்பதிவுக்கான போன் குறைந்துவிட்டது. உரிமையாளர் மழைக்காலம் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு சர்ச் கன்சோலில் வார்த்தைகளைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது: பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற ஆட்கள் அத்தனை பேரும் 'பாண்டிச்சேரி', 'பாண்டி' என்றுதான் தேடுகிறார்கள். அரசிதழில் பெயர் மாறிவிட்டது, தேடுகிறவர் விரலில் மாறவில்லை. இரண்டு பெயரையும் இயல்பாக வருகிற இடங்களில் திரும்ப எழுதினேன். பழைய நிலைக்கு வர அந்தச் சீசன் முழுக்க ஆனது. அந்தச் சீசனுக்கு நான் பில் போடவில்லை.

உங்கள் பொருளுக்கும் இதே சங்கதிதான். நீங்கள் தளத்தில் 'உயர்தர முந்திரிப் பருப்புகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்குகிறவர் எப்படிக் கேட்கிறார்? ஒரு வாரம் கடைப் போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, வருகிற கேள்விகளை அவர்கள் வாயால் சொன்னபடியே எழுதுங்கள். 'முழுப் பருப்பு கிலோ என்ன விலை?' 'அரைப் பருப்பு இருக்கா?' 'பாயசத்துக்கு எது போதும்?' 'குருமாவுக்கு அரைக்க உடைசல் கிடைக்குமா?' '320-ன்னா என்னங்க?' இவைதான் தேடல் வார்த்தைகள். போனில் கேட்பதைத்தான் கூகுளிலும் கேட்கிறார்கள். இப்போது பலர் தட்டச்சு செய்வதுகூட இல்லை, மைக்கை அழுத்தித் தமிழிலேயே கேட்டுவிடுகிறார்கள். பலர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறார்கள். 'முந்திரி' என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள். அத்தனையையும் பக்கத்தில் திணிக்க வேண்டாம். எழுத்துப் பிழையைக் கூகுளே ஓரளவு புரிந்துகொள்ளும்.

அந்த 320 கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப் பருப்புகள் நிற்கும். 240 என்றால் 220 முதல் 240. 180 என்றால் 170 முதல் 180. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூட. உங்களுக்கு இது உள்ளங்கை ரேகை. முதன்முதலாக ஆன்லைனில் வாங்குகிற பெண்ணோ, எண் கூடினால் தரம் கூடுதல் என்று நினைத்து 320-ஐ வாங்கிவிட்டு, 'பருப்பு சின்னதா இருக்கே' என்று உங்களிடமே சண்டைக்கு வருவார். இதற்கு ஒரு பக்கம் எழுதுங்கள். 180, 240, 320 மூன்றையும் ஒரே உள்ளங்கையில் வரிசையாக வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு புரியும். பரிசுப் பெட்டிக்கு எது, கேசரியில் நெய்யில் வறுத்துப் போட எது, அரைத்து ஊற்ற எது, காறல் வராமல் இருக்க எப்படி மூடி வைப்பது என்று கடையில் நின்று சொல்வதுபோலவே எழுதுங்கள். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று எழுதிக் கொடுக்கிறவர்களால் இதை எழுத முடியாது. பருப்பு எங்கிருந்து வருகிறது என்றும் ஒரு பக்கம் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து உங்கள் மாவட்டத்து முந்திரித் தோப்புகள் சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் பக்கத்துத் தோப்புக்காரர்கள் திரும்ப நட்டு, காத்திருந்து, காய் பார்த்த கதையை நீங்கள் சொன்னால் படிப்பார்கள், பகிர்வார்கள்.

'முந்திரி 1 கிலோ' என்ற வார்த்தைக்கு அமேசானோடும் பிக்பாஸ்கெட்டோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம். அந்தப் பந்தயத்தில் உங்கள் 12,000 ரூபாய் கடலில் கரைத்த பெருங்காயம். 'பண்ருட்டி முந்திரி ஆன்லைன்', 'கடலூர் முந்திரிக் கடை', '320 முந்திரி என்றால் என்ன', 'பாயசத்துக்கு எந்த முந்திரி' மாதிரி, தேடுகிறவர் குறைவாக இருந்தாலும் வாங்கும் நினைப்போடு வருகிற வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் தளத்தை நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைப் போட்டால், கூகுளிடம் உங்கள் பக்கங்கள் என்னென்ன இருக்கின்றன என்று ஏறக்குறையத் தெரியும். உங்களுக்கு நான்கு பக்கங்கள் வந்தன. ஒன்றின் தலைப்பு 'ஹோம்'. இன்னொன்று 'சாம்பிள் பேஜ்'. மூன்றாவது 'ஹலோ வேர்ல்ட்'. பின்னால் சொன்ன இரண்டும், வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளை நிறுவும்போது தானாக வந்து உட்காருகிற மாதிரிப் பக்கங்கள். ஒன்றரை வருஷமாக அழிக்காமல் கிடக்கின்றன. மாதம் 12,000 வாங்குகிற கம்பெனி முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது. முகப்பின் தலைப்பை 'ஹோம்' என்பதிலிருந்து 'பண்ருட்டி முந்திரி, கடலூர் மஞ்சக்குப்பம்' என்று கடைப் பெயரோடு மாற்றுங்கள். தேடல் முடிவில் நீல எழுத்தில் பெரும்பாலும் தெரியப்போவது அந்தத் தலைப்புதான். யார் 'ஹோம்' என்பதைத் தட்டுவார்கள்?

விலைப் பட்டியல் ஒரே படமாக இருக்கிறது. வாட்ஸாப்பில் அனுப்ப நன்றாக இருக்கும், ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் இடம் பிடிக்க முடியாது. பட்டியலை எழுத்தாகப் போடுங்கள். விலை மாறும்போது திருத்தவும் சுலபம். முகப்புப் படம் போனில் எடுத்தது அப்படியே ஏறியிருக்கிறது, என் போனில் திறந்து முடிய நெடுநேரம் ஆனது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படத்தைச் சுருக்கி ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். வேகத்துக்காக மட்டும் மேலே தூக்கிவிட மாட்டார்கள், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் கிராமத்து சிக்னலில் திறக்கிறவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்.

இனிதான் பெரிய சங்கதி. 'எங்களைப் பற்றி' பக்கத்தில் அழகான தமிழில் நாலு பத்தி இருக்கிறது. அதைச் செலக்ட் செய்து, காப்பி செய்து, வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள். எனக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை வந்தது. பிளெக்ஸ் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அண்ணன் மகன் அப்படியே ஏற்றி, எழுத்துருவையும் சேர்த்துவிட்டார். கண்ணுக்குத் தமிழ், உள்ளே தமிழ் இல்லை. கூகுள் படிப்பது உள்ளே இருப்பதை. ஒன்றரை வருஷமாக உங்கள் கடையின் கதை அதற்கு ஒரு வரிகூடப் புரிந்திருக்காது. யூனிகோடுக்கு, அதாவது போனும் கூகுளும் தமிழாகவே படிக்கிற எழுத்து முறைக்கு, மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. பத்து நிமிஷ வேலை. மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துத் திருத்துங்கள், ஒற்றெழுத்துகள் இடம் மாறி உட்காரும். இந்த வாட்ஸாப் சோதனையை மற்ற வாசகர்களும் தங்கள் தளத்தில் செய்து பார்க்கலாம். நம் ஊர் ஸ்வீட் ஸ்டால், பள்ளிக்கூடம், கோயில் தளங்களில் இந்த வியாதியை அடிக்கடி பார்க்கிறேன். தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக வைத்து, இரண்டும் ஒரே பக்கத்தின் இரு மொழி வடிவம் என்று ஹெச்ரெஃப்லாங் குறிப்பு போடச் சொல்லுங்கள். அண்ணன் மகனுக்குப் புரியும்.

மேப் பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உள்ளூர் வியாபாரத்துக்கு அது தளத்தைவிட முக்கியம். சில்வர் பீச்சுக்கு வந்த குடும்பம் திரும்பும் வழியில் 'பக்கத்தில் முந்திரிக் கடை' என்று தேடினால் மேலே வரைபடத்தோடு மூன்று கடைகள் வரும். அந்த மூன்றில் இடம் பிடிக்க, தேடலுக்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் பெற்ற கடை என்று மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பொருத்தத்துக்கு, கடையின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இப்போது 'மளிகைக் கடை' என்று இருக்கிறது. திறக்கும் நேரம், ஞாயிறு உண்டா இல்லையா, போன் எண் எல்லாம் சரியாக இருக்கட்டும். உங்கள் கடைப் பெயரோடு 'பெஸ்ட் கேஷ்யூ ஷாப் இன் கடலூர்' என்று யாரோ ஒட்டியிருக்கிறார்கள். எடுத்துவிடுங்கள். போர்டில் என்ன பெயரோ அதுதான் இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் பக்கத்தையே முடக்கலாம். வாங்கிப்போனவர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. 'ஐந்து நட்சத்திரம் போட்டால் 50 கிராம் இலவசம்' என்பது தப்பு. குறை சொல்லி எழுதியவருக்கும் மரியாதையாகப் பதில் போடுங்கள். அடுத்து வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் படிப்பார்.

கம்பெனி '500 பேக்லிங்க்' கொடுத்ததாகக் கணக்கு காட்டியிருக்கிறது. லிங்க் என்றால் இன்னொரு தளம் உங்களுக்குச் சொல்கிற சாட்சி. லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-ல் கூகுளைத் தொடங்கியதே இந்தச் சாட்சிக் கணக்கை வைத்துத்தான். எல்லாரும் பொய்ச் சாட்சி தயாரிக்க ஆரம்பித்ததும், 2012-ல் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அவற்றைக் கழிக்கத் தொடங்கினார்கள். உங்கள் 500-இல் நான் பார்த்த இருபதும் ஆளே இல்லாத வெளிநாட்டுத் தளங்கள். பெரும்பாலும் இவற்றைக் கூகுள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். காசுதான் வீண். உங்களிடம் பருப்பு எடுக்கிற ஒரு புதுச்சேரி பேக்கரி தன் தளத்தில் 'முந்திரி இவர்களிடமிருந்து' என்று ஒரு வரி போட்டால் அந்த 500-ஐவிட அதற்கு மதிப்பு அதிகம். உங்களிடம் வாங்கும் ஸ்வீட் ஸ்டால், சமையல் எழுதுகிறவர்கள், தோப்பைக் காட்டச் சொல்லி வந்த கல்லூரி மாணவர்கள் என்று யோசித்தால் பத்துப் பேராவது தேறுவார்கள்.

இனி வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் போதும். 15 வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இம்ப்ரெஷன், க்ளிக், இடம் மூன்றையும் குறியுங்கள். கன்சோலில் கடைசி இரண்டு மூன்று நாள் கணக்கு முழுசாக வந்திருக்காது, ஆகவே அதற்கு முந்தைய ஏழு நாளை எடுங்கள். எந்த நாளில் எந்தப் பக்கத்தை மாற்றினீர்கள் என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஏறினாலும் இறங்கினாலும் காரணம் தெரியாது. இரண்டு மூன்று இடம் ஏறுவதும் இறங்குவதும் கடல் அலை மாதிரி, கண்டுகொள்ளாதீர்கள். இடம் 8-லிருந்து 20 வரை நிற்கிற வார்த்தைகள்தான் முதலில் உழைப்பு போட வேண்டியவை, கொஞ்சம் தள்ளினால் முதல் பக்கம். நிறையத் தடவை காட்டப்பட்டும் யாரும் தட்டவில்லை என்றால் தலைப்பைத் திருத்துங்கள். அதிலும் கவனம், சில தேடல்களுக்கு இப்போது மேலேயே ஏஐ எழுதிய பதில் வந்துவிடுகிறது, ஆட்கள் கீழே வருவதே இல்லை.

உங்கள் வியாபாரம் பண்டிகை வியாபாரம், ஆகவே மாதத்தை மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். 2025 தீபாவளி அக்டோபர் 20. 2026 தீபாவளி நவம்பர் 8. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் விழுந்துவிட்டதாகத் தெரியும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தை, போன தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தோடு பாருங்கள். கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸெலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, போனில் ஆர்டர் சொல்கிறவரிடம் 'எங்களை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?' என்று ஒரு கேள்வி. பதிலை அதே நோட்டில். எந்த மென்பொருளும் இதைவிடச் சரியாகச் சொல்லாது.

கம்பெனியை என்ன செய்வது? மூன்று கணக்குகளின் உரிமையையும் முதலில் உங்கள் ஈமெயிலுக்கு மாற்றி வாங்குங்கள். அது முடிகிற வரை சண்டை போடாதீர்கள், சிரித்துப் பேசுங்கள். பிறகு நிறுத்திவிடுங்கள். அந்த 12,000-ல் ஒரு மாதப் பணம் போதும், அண்ணன் மகனுக்கு ஏதாவது கொடுத்து மேலே சொன்ன பழுதுகளைச் சரி செய்துவிடலாம்.

மகளும் தோழிகளும் தினமும் தட்டுவது உதவாது. அதனால் இடம் ஏறாது. போதாததற்கு, நீங்கள் நோட்டில் எழுதப்போகிற க்ளிக் கணக்கில் எது வாடிக்கையாளர், எது தோழி என்று தெரியாமல் போய்விடும். நீங்களும் போனில் தேடுவதை விட்டுவிடுங்கள். மகளுக்கு நேரம் இருந்தால் அந்தப் போன் கேள்வி நோட்டை வாங்கி, யூனிகோடில் தட்டச்சு செய்து தரச் சொல்லுங்கள். பாமினியில் வேண்டாம்.